விற்கப் போகும் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் அய்யன், அதாவது அப்பா, கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று மூன்று பிள்ளைகளும் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டோம். அண்ணன் ஈரோட்டில் இருக்கிறார், நான் திருப்பூரில், தங்கை கோவையில். அம்மா போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. ஆள் புழங்காத வீடு எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது பூட்டிப் போட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே விற்பதில் தகராறு இல்லை. இப்படியே விற்பதா, புதுப்பித்து விற்பதா என்பதில்தான் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

அண்ணனுடைய வாதம் எளிமையானது. பழைய வீடு என்றாலே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பத்துப் பதினைந்து லட்சம் போட்டுப் பளபளவென்று ஆக்கினால் இருபத்தைந்து லட்சம் கூட்டிச் சொல்லலாம். அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் விற்றாராம். இந்த "தெரிந்த ஒருவர்" எல்லா ஊரிலும் இருக்கிறார். யாரும் நேரில் பார்த்ததில்லை. நான் பனியன் கம்பெனியில் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறவள். போகிற பணம் எந்த வழியாகத் திரும்பி வரும் என்று கேட்காமல் எனக்குக் கை வராது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் கட்டியது. பத்திரப்படி 9.25 சென்ட். முன்பக்கம் நான்கு தேக்குத் தூண்களோடு ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடம், மேலே மங்களூர் ஓடு. பின்பக்கம் 1991-இல் சேர்த்த இரண்டு அறைகள், தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, போட்டவை. தரை முழுக்க சிவப்பு ஆக்சைடு. குளிக்கவும் கழிக்கவும் பொடக்காலிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கிணறும் இரண்டு தென்னையும் உண்டு. சற்றுத் தள்ளித் தடப்பள்ளி வாய்க்காலின் பாசன வயல்கள் தொடங்கிவிடும்.

அண்ணன் ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தார். அவர் 14 லட்சத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். சிவப்புத் தரைக்கு மேல் டைல்ஸ், சுவருக்குப் பட்டி பார்த்து எமல்ஷன், மாடுலர் கிச்சன், அறையோடு சேர்ந்த இரண்டு குளியலறைகள், ஆசாரத்துக்கு ஃபால்ஸ் சீலிங், புது கேட். பார்க்க அழகான பட்டியல். ஆனால் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சீலிங் அடித்துவிட்டால் ஒழுகல் தெரியாது என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டை யார் வாங்கப் போகிறார்கள்? அது தெரியாமல் எந்தச் செலவும் சூதாட்டம்.

எங்கள் பக்கத்தில் தனி வீட்டுக்குச் சென்ட் கணக்கில்தான் விலை பேசுவார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. எங்கள் தெருவில் அப்போது சென்ட் ஏழு, எட்டு லட்சம் என்று பேச்சு இருந்தது. அதாவது வீடே இல்லாமல் வெறும் இடமாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே பணம்தான். ஐம்பது வருடக் கட்டடத்துக்குத் தனியாக விலை வைக்கும் ஆள் குறைவு. இதை அண்ணன் ஏற்கவில்லை. அய்யன் வியர்வை சிந்திக் கட்டிய வீட்டுக்கு விலையே இல்லை என்று நான் சொல்கிறேனே என்று அவருக்கு வருத்தம். வருத்தம் நியாயமானது. ஆனால் சந்தையில் அதற்கு ரசீது கிடைக்காது.

எதையும் தொடாமல் முதலில் தரகரிடம் சொல்லி, நாலு பேரை வரவழைத்துப் பார்க்கலாம் என்று அண்ணனைச் சம்மதிக்க வைத்தேன். கூட்டிப் பெருக்கி, பொடக்காலியில் புதர் வெட்டி, காய்ந்த தென்னை மட்டைகளை இறக்கி, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, எல்லா அறையிலும் பல்பு எரியும்படி செய்தோம். சில ஆயிரங்களில் முடிந்துவிட்டது. இந்த அளவுக்கு எந்த வீட்டுக்கும் செய்யத்தான் வேண்டும். அதில் விவாதமே கிடையாது.

வந்தவர்கள் மூன்று விதம். முதல் வகை, இடத்துக்காக வருபவர்கள். கிளினிக் கட்ட வேண்டும் என்று வந்த ஒருவர் ஆசாரத்தைத் தாண்டி உள்ளேயே போகவில்லை. டேப்பை எடுத்து முன்பக்க அகலத்தை அளந்தார், ரோட்டின் அகலத்தைக் கேட்டார், இடித்தால் தூணும் கதவும் யாருக்கு என்று கேட்டார். அவ்வளவுதான். அவருக்காக நாங்கள் டைல்ஸ் போட்டிருந்தால் அதை உடைத்து அள்ளும் கூலியையும் விலையில் கழித்திருப்பார்.

இரண்டாவது, குடியிருக்க வருபவர்கள். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப நினைப்பவர்கள். இவர்கள்தான் ஓட்டை அண்ணாந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் முதல் கேள்வி அறை எத்தனை என்பதல்ல, தண்ணீர் எப்படி என்பதுதான். கொங்கு நாட்டில் எந்த ஊரானாலும் இதுதான் நிலை. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெரு என்றால் அந்தப் பேச்சே தனி. ஆழ்குழாயில் உப்புத் தண்ணீர் என்றால் எவ்வளவு பெரிய மாளிகையாக இருந்தாலும் முகம் சுருங்கும்.

மூன்றாவது, வாடகைக்கு விட வாங்குபவர்கள். திருப்பூரில் இவர்கள் அதிகம், கோபியில் குறைவு. மாத வாடகை எவ்வளவு வரும் என்று மனக்கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். வீட்டை அவர்கள் விருப்பப்படி உடைத்துப் பிரிப்பார்கள். நமது மாடுலர் கிச்சன் அவர்களுடைய கணக்கில் வராது.

ஆக, வந்தவர்களில் ஒரு வகைக்கு மட்டும்தான் புதுப்பித்தலால் பயன். அந்த வகையினருக்கும் நாம் செய்த எல்லாம் பிடிக்க வேண்டும். சிவப்புத் தரையைத் தொட்டுப் பார்த்து, "இப்போது இப்படிப் போட ஆள் எங்கே இருக்கிறார்கள்?" என்று ஓர் அம்மாள் கேட்டபோது நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்துப் புதுப்பிப்பதே வீண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். என்னோடு வேலை பார்ப்பவர் கோவை சரவணம்பட்டியில் இருந்த தன் பழைய ஃபிளாட்டை விற்றார். குளியலறை இரண்டையும் முழுதாக மாற்றினார், சமையல் மேடைக்குப் புதுக் கல் போட்டார், பெயின்ட் அடித்தார். சுமார் மூன்று லட்சம் செலவு. அதே கட்டடத்தில் விலைக்கு இருந்த மற்ற வீடுகளை விட்டுவிட்டு இவருடையதை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதி எடுத்துக்கொண்டார்கள், விலையும் கூடுதலாகவே கொடுத்து. காரணம் ரசனை அல்ல, கைப்பணம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்தின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் முடியாது. 60 லட்சம் ரூபாய் ஃபிளாட் என்றால் 12 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 5.4 லட்சம். பதினேழரை லட்சத்தைப் புரட்டிக் கொடுத்த பிறகு குளியலறையை மாற்ற அவர்களிடம் என்ன இருக்கும்? விற்பவர் செய்து கொடுத்தால் அந்தச் செலவும் விலையோடு சேர்ந்து கடனுக்குள் போய்விடுகிறது. ஃபிளாட் வாங்குபவர் கட்டடத்தைத்தான் வாங்குகிறார். நிலத்தில் அவருக்கு வருவது ஒரு பங்கு மட்டுமே. அங்கே உள் வேலைக்கு விலை உண்டு. தனி வீட்டில், அதிலும் பழைய வீட்டில், கணக்கு தலைகீழ்.

அண்ணன் அடுத்து எடுத்த ஆயுதம் வருமான வரி. செலவு செய்தால் எல்லாம் வரியில் கழிந்துவிடும் என்றார். இது பலரும் நம்பும் கதை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பல காலம் வைத்திருந்த சொத்தை விற்று வரும் லாபத்துக்கு, வரி 12.5 சதவீதம்; அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றிக் காட்டும் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்த நிலம், வீடு என்றால் பழைய முறையில் சரிக்கட்டலோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பரம்பரையாக வந்த வீட்டுக்கு, பெற்றோர் 2001-க்கு முன் வாங்கியிருந்தால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். சரி, 14 லட்சம் போட்டால் என்ன ஆகும்? முழுதும் ஆதாயத்தில் கழிந்தாலும் 12.5 சதவீதத்தில் மிச்சமாகும் வரி 1.75 லட்சம். மீதி பன்னிரண்டேகால் லட்சம் நம் பணம்தான். அதுவும் முழுதாகக் கழியாது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் மேம்பாட்டுச் செலவு. ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் பராமரிப்பு, அவை கணக்கில் வராது. கொத்தனாருக்குக் கையில் கொடுத்த கூலிக்கு ரசீது இல்லையென்றால் அதுவும் போயிற்று.

இன்னொரு பக்கம், விலையை 14 லட்சம் ஏற்றினால் வாங்குபவருக்கு அதன் மேல் 9 சதவீதம், அதாவது 1.26 லட்சம், பத்திரச் செலவில் கூடும். அவர் அதையும் சேர்த்துத்தான் பேரம் பேசுவார். நாம் பட்டியலில் பார்க்காத இந்தப் பணம் அவருடைய பட்டியலில் இருக்கும்.

"நீ கணக்குப் பார்த்துக்கொண்டே இரு கண்ணு, வீடு அதற்குள் விழுந்துவிடும்" என்றார் அண்ணன். அதில் பாதி உண்மை இருந்தது. விழாமல் இருக்கச் செய்ய வேண்டியவை என்று ஒரு சிறு பட்டியல் என்னிடமும் இருந்தது. வாங்க வருபவரை மகிழ்விப்பதற்காக எதுவும் செய்வதில்லை, அவரைப் பயமுறுத்துவதை மட்டும் சரிசெய்வது என்பதுதான் என் அளவுகோல். பயந்தவர் தள்ளுபடி கேட்கும்போது உண்மையான செலவைக் கேட்பதில்லை, அதைப் போல மூன்று மடங்கைக் கேட்பார். ஒழுகும் ஓட்டைச் சரிசெய்ய எங்களுக்கு ஆன செலவு அறுபதாயிரத்துச் சொச்சம். அந்த ஒழுகலைக் காட்டி முதலில் வந்த ஒருவர் குறைக்கச் சொன்னது இரண்டு லட்சம்.

ஓட்டு வேலையைச் சித்திரையில் தொடங்கினோம். ஆடிக் காற்றில் ஓட்டின் மேல் ஆள் ஏற்றக் கூடாது. ஐப்பசி மழையில் பிரித்துப் போட முடியாது. முழுக்கப் பிரிக்கவில்லை. உடைந்த மங்களூர் ஓடுகளை மட்டும் மாற்றி, கரையான் அரித்த ரீப்பர்களையும் ஒரு கைமரத்தையும் மாற்றினோம். பழைய ஓட்டுக்குப் பொருந்தும் ஓடு வேண்டுமென்றால் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைக்குத்தான் போக வேண்டும். புது ஓடு அளவில் ஒரு நூலாவது வித்தியாசப்படும், அந்த இடுக்கில் மறுபடியும் ஒழுகும்.

பின்பக்கத் தார்சில் ஓர் இடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. இதன் மேல் சிமென்ட் பூசி மறைத்துவிடலாம் என்று சொல்ல ஆள் கிடைப்பார். கம்பியில் துரு ஏறிவிட்டால் உப்பிக்கொண்டு மறுபடியும் காரையைத் தள்ளும். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகு பூசினோம். வந்தவர்களிடம் இந்த இடத்தைக் காட்டி, இன்ன வேலை செய்திருக்கிறோம் என்று சொல்லியும் விட்டோம்.

பெரிய தலைவலி ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம்தான். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுச் சில வாரங்களில் எங்கள் கிணற்றில் தண்ணீர் மேலே வரும். கிணறு நிறைவது சந்தோஷம். அதே ஈரம் சுவரிலும் ஏறும் என்பதுதான் விலை. பழைய வீடுகளின் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அந்தக் காலச் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துவிடும். அய்யன் பிற்காலத்தில் கீழ்ச் சுவருக்குச் சிமென்ட் பூசினார். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வர வழியின்றி இன்னும் மேலே ஏறி, உப்பாகப் பூத்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளியது. இதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது காசைச் சுவரில் அறைவதற்குச் சமம். அடுத்த தண்ணீர்த் திறப்பிலேயே கொப்பளம் கிளம்பிவிடும். தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் விவரம் தெரிந்தவர் எதை மறைக்கிறோம் என்று உடனே புரிந்துகொள்வார்.

சிமென்ட் பூச்சைக் கீழிருந்து நான்கடிக்குச் சுரண்டி எடுத்துக் காயவிட்டோம். வீட்டைச் சுற்றி வருடக்கணக்கில் மேடாகிப்போன மண்ணை வெட்டித் தாழ்த்தி, கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் ஓடச் சிறு வாய்க்கால் வெட்டினோம். அந்தியூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார் சுண்ணாம்புக் கலவை பூசிக் கொடுத்தார். பிறகு வீடு முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. ஓதம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்த மண்ணின் குணம். ஆனால் ஈரம் குறைந்தது, பூச்சும் உதிரவில்லை. வாங்க வந்தவர்களிடம் இதை அப்படியே சொன்னோம். மறைத்து விற்றால் ஊரில் அடுத்த திருவிழாவுக்குப் போய் நிற்க முடியாது.

மின்சார விஷயத்தில் தயக்கமே இருக்கவில்லை. மரப்பட்டையில் ஓடிய பழைய வயரிங்கையும் பீங்கான் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, புது வயர், ஃபியூஸுக்குப் பதிலான எம்.சி.பி. சுவிட்ச், மின் கசிவு ஏற்பட்டால் தானே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. எல்லாம் பொருத்தினோம். கிணற்றைத் தூர் வாரி, தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கட்டணம் சொற்பம்தான். அந்த ஒரு தாள் வேலை செய்ததுபோல் வேறெதுவும் செய்யவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டவரிடம் பதில் சொல்லாமல் தாளை நீட்டினேன்.

இதெல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் ஆயிற்று.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணம் தந்தது ஆணியும் சுத்தியும் எடுக்காத ஒரு வேலை. பத்திரத்தில் 9.25 சென்ட், பட்டாவில் 8.75 சென்ட். அய்யன் காலத்தில் இதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் எது குறைவோ அதற்குத்தான் பணம் என்பார். அரை சென்ட் என்பது எங்கள் தெரு விலைக்கு மூன்றே முக்கால் லட்சம். நில அளவைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அளந்து, எல்லைக்கல் நட்டு, பட்டாவையும் திருத்தினோம். பிறகு பட்டாவை எங்கள் மூவர் பெயருக்கும் மாற்றினோம். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை என்று ஒரே ஃபைலில் வைத்தோம். காகித வேலை நம் அவசரத்துக்கு நடக்காது. அதனால் கொத்தனாரை அழைப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. பெண்களுக்குத்தான் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டதே என்று உறவில் ஒரு பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அய்யன் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயிலும் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அண்ணன் அந்தப் பெரியவரை அதற்கு மேல் பேச விடவில்லை. சண்டைக்காரர் என்றாலும் அண்ணனிடம் எனக்குப் பிடித்தது இது. எந்த வாங்குபவரும் மூவர் கையெழுத்தும் இல்லாமல் முன்பணம் தரமாட்டார். தங்கைகளின் சம்மதம் இல்லாத வீட்டுக்கு எந்த டைல்ஸ் ஒட்டினாலும் விலை வராது.

குளியலறை விஷயத்தில் மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் காலத்தில் ராத்திரியில் பொடக்காலிக்கு யார் போவார்கள் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான், எனக்குப் பதில் இல்லை. ஆனால் இடம் வேறு, தேவை வேறு. வாங்குபவர் தன் வாஸ்து ஆளை அழைத்து வருவார், அவர் எந்த மூலையைக் கை காட்டுவார் என்று நமக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பொதுவான பழுதுச் செலவு விற்ற பணத்தில் முதலில் கழிக்கப்படும். குளியலறைச் செலவு அண்ணனுடையது; அதனால் விலை கூடினால் கூடுதலில் அவருக்கு முதல் உரிமை. நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். கூடப்பிறந்தவர்களுக்குள் இதெல்லாம் எழுதுவதா என்று நங்கைக்கு, அதாவது அண்ணிக்கு, கோபம். எழுதாமல் விட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1.8 லட்சத்தில் டைல்ஸ் பதித்த குளியலறை ஒன்று பின் அறையோடு சேர்ந்து எழுந்தது.

ஆடி முழுக்க ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆடியில் நல்ல காரியம் பேசமாட்டார்கள் என்பது தெரிந்தும் அண்ணன் தரகருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஆவணி பிறந்ததும் ஆட்கள் வந்தார்கள். விலைக்குச் சம்மதித்த முதல் குடும்பம் வங்கிக் கடனை நம்பி இருந்தது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார். புது வயரிங்கையும் குளியலறையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டடம் எந்த வருடம் கட்டியது, வரைபட அனுமதி எங்கே என்று கேட்டார். 1974 என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். கடன் தவணை முடியும்வரை கட்டடத்துக்கு ஆயுள் இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நிலத்துக்கு நல்ல மதிப்பும் கட்டடத்துக்குப் பேருக்கு ஒரு தொகையும் போட்டார். கடன் போதாமல் அந்தக் குடும்பம் விலகியது. 14 லட்சத்தையும் கொட்டி மாடுலர் கிச்சன் வைத்திருந்தாலும் 1974 என்பது 1974-ஆகத்தான் இருந்திருக்கும். பழைய தனி வீட்டை மினுக்கி அதிக விலை வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்க மனமுள்ளவருக்கே வங்கி அந்தப் பணத்தைக் கொடுக்காது.

கடைசியில் வாங்கியவர்கள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பதி. அங்கே இருந்த வீட்டை விற்ற பணம் கையில் இருந்தது. ஆசாரத்தையும் ஓட்டையும் வைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் தங்கள் விருப்பப்படி கட்டுவதாகச் சொன்னார்கள். தூண்களைத் தட்டிப் பார்த்தார்கள், தண்ணீர்ப் பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாஸ்துக்காரர் அண்ணனின் குளியலறை முன்னால் நின்று ஈசான்ய மூலையில் இதை யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார். அண்ணன் வாய் திறக்கவில்லை.

71 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. அவர்கள் தரப்பில் ஒரு பங்கை ரொக்கமாகத் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முன்பணம் உட்பட எல்லாம் வங்கி வழியாகவே வந்தது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துச் செலுத்த வேண்டும். ஆளுக்கு இருபத்து மூன்று லட்சத்துச் சொச்சம்தானே, பிடிக்க வேண்டாமே என்று அவர்களுடைய ஆள் சொன்னார். 2024 அக்டோபர் முதல் விற்பவர்கள் எத்தனை பேரானாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். 71,000 ரூபாய் பிடித்துக் கட்டினார்கள். எங்கள் மூவருடைய பான் எண்ணிலும் பங்கு வாரியாக வரவு வந்தது.

பணம் பிரிக்கும் அன்று நோட்டை எடுத்தோம். பழுதுச் செலவு கழிந்தது. குளியலறையை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியபடி அது அண்ணன் தலையில். தங்கைதான், பொதுச் செலவில் சேர்த்துவிடலாம், அண்ணன் தனக்காகவா கட்டினார் என்றாள். மூன்றாகப் பிரித்தோம். சமையலறையையும் செய்ய விட்டிருந்தால் 75-க்குக் குறையாமல் போயிருக்கும் என்று அண்ணன் இன்றும் சொல்கிறார்.

தங்கை தன் பங்கைக் கொண்டு கோவையில் ஒரு ஃபிளாட் பார்த்தாள். விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு குடியிருப்பு வாங்கினால் ஆதாய வரியில் விலக்கு உண்டு என்பதால் அவளுக்கு அவசரம். பீளமேட்டில் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று பழைய நிலையிலேயே, விலை நான்கு லட்சம் குறைவு. மற்றது குளியலறையும் சமையலறையும் புதிதாகச் செய்தது. கடன், பத்திரச் செலவு எல்லாம் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று நானும் அவளும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒன்றும் மிஞ்சவில்லை. புதுப்பித்ததையே எடுத்தாள்.